பழவேற்காடு ஏரிப் படகுகளும் வாத்து வேட்டையும்

பழவேற்காடு ஏரி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரப் பிரதேசத்திலும் பரந்து கிடக்கும் உவர்நீர்க் காயல் ஆகும். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய காயல் இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தெற்கு முனை தமிழ்நாட்டிலும் உள்ளன. பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகச் செல்லும் சாலை அந்தத் தெற்கு முனையில் உள்ள பழவேற்காடு ஊரில் சென்று முடிகிறது. திருப்பாலைவனம் என்ற பெயர் பாலை மரக் காட்டைக் குறிப்பது. அங்குள்ள பாலீசுவரர் கோயிலின் தல மரமும் பாலையே. பாலைவனம் என்றதும் மணல்வெளியை நினைத்துக்கொண்டு வரும் வெளியூர் மாணவர்கள், இரண்டு பக்கமும் நெல் வயலைக் கண்டு திகைப்பது உண்டு.

இந்த ஏரியில் ஓடிய படகுகள் எதனால் செய்யப்பட்டன, பழுதானால் அவற்றை யார் சீர்செய்தார்கள் என்ற இரண்டு கேள்விகளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் வந்து தங்கும் காட்டு வாத்துகளும் அவற்றைச் சுட வந்தவர்களும் இந்த வரலாற்றில் வருகிறார்கள். அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கென்றே தனிப் படகு உருவானது. பின்னாளில் அது அலுமினியத் தகட்டால் வீட்டுக் கொட்டகையிலேயே செய்யக்கூடிய பொருளும் ஆயிற்று. வாத்தும் ஆழமில்லாத நீரும் இங்கேயும் இருந்தன. ஆனால் அப்படி ஒரு படகு இங்கே தோன்றவில்லை.

ஆழமில்லாத ஏரி

வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகளில் மட்டும் ஆழம் கூடுதல். தெற்கே ஆரணி ஆறும் வடமேற்கே காளங்கி ஆறும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டு வருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. கோடையில் பல இடங்களில் நீர் வற்றிச் சேறு மட்டுமே மிஞ்சும்.

இப்படிப்பட்ட நீரில் ஆழமான அடிப்பகுதி கொண்ட படகு ஓடாது. தரை தட்டி நின்றுவிடும். எனவே ஏரிக்குள் ஓடும் படகு தட்டையான அடியும் தாழ்ந்த பக்கங்களும் கொண்டதாக இருக்க வேண்டும். துடுப்பைவிட நீண்ட மூங்கில் கழி இங்கே அதிகம் பயன்படும். தரையில் ஊன்றித் தள்ளினால் படகு நகரும். கழி எவ்வளவு புதைகிறது என்பதிலிருந்தே ஆழமும் தெரிந்துவிடும்.

வாத்துகளை இங்கே இழுப்பதும் இதே ஆழமின்மைதான். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, கிளுவை போன்றவை முழுதும் மூழ்கி இரை தேடுபவை அல்ல. தலையையும் கழுத்தையும் மட்டும் நீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கி, அடியில் உள்ள விதைகளையும் சிற்றுயிர்களையும் மேயும். முழங்கால் ஆழ நீர்தான் அவற்றுக்கு ஏற்றது. வடக்கு ஆசியாவின் குளிருக்குத் தப்பி அக்டோபர், நவம்பர் மாதங்களில் வந்து, பங்குனி வெயில் ஏறும்போது திரும்பிவிடுகின்றன. புள்ளிமூக்கு வாத்தும் சீழ்க்கைச் சிறகியும் ஆண்டு முழுவதும் நம் நாட்டிலேயே இருப்பவை. இந்த ஏரிக்குப் பெயர் வாங்கித் தந்த பூநாரைக்கும் நீண்ட காலை ஊன்றி நடக்க இந்த ஆழம்தான் வேண்டும்.

கட்டியதும் தைத்ததும்

இப்பகுதியின் மரக்கலங்களில் பழமையானது கட்டுமரம். செதுக்கிய இலகுமரத் துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவதே அதன் செய்முறை முழுவதும். அது நீரை வெளியே நிறுத்த முயல்வதில்லை. அலை மேலே ஏறினால் இடுக்குகள் வழியாக வடிந்துவிடும், ஆகவே மூழ்குவதில்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே வெயிலில் காயவைப்பார்கள். ஒரு மரம் உளுத்துப்போனால் அதை மட்டும் மாற்றினால் போதும். இதன் பெயர் ஆங்கிலத்துக்குப் போய், இன்று இரட்டை உடல் கொண்ட கப்பல்களைக் குறிக்கும் சொல்லாக உலகெங்கும் வழங்குகிறது. அந்தக் கப்பலுக்கும் நம் கட்டுமரத்துக்கும் உருவத்தில் ஒற்றுமை மிகக் குறைவு.

அடுத்தது மசூலா எனப்பட்ட தைத்த படகு. 1609-10 காலத்தில் பழவேற்காட்டுக்கு வந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடமாக 1690 வரை இந்த ஊரே இருந்தது. துணி ஏற்றுமதியும் வெடிமருந்து உற்பத்தியும் நடந்த பெரிய வணிகத் தலம் இது. ஆனால் கடலோடும் கப்பல் எதுவும் இந்த ஏரிக்குள் நுழைய முடியாது. கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, சரக்கை அலைகளைத் தாண்டிச் சிறு படகுகளில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. இக்கரையில் அந்த வேலையைச் செய்தவை தைத்த படகுகள். பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, இடையே தென்னை நாரை வைத்து, கயிற்றால் இழுத்துத் தைப்பார்கள். உள்ளே விலாச் சட்டம் கிடையாது. இரும்பு ஆணியும் கிடையாது. அலையில் தூக்கி மணலில் அடித்தாலும் அது வளைந்து கொடுத்துத் தாங்கும். ஆணி அடித்து இறுக்கிய ஐரோப்பியப் படகு அதே அலையில் பிளந்துவிடும். சென்னையில் துறைமுகம் கட்டி முடிக்கும் வரை கவர்னர் முதல் கடைநிலைச் சிப்பாய் வரை எல்லோரும் இந்தத் தைத்த படகில் நனைந்துகொண்டுதான் கரையேறினார்கள்.

ஏரிக்கும் கால்வாய்க்கும் உரியவை பலகைப் படகுகள். இவற்றைக் கட்டிய தச்சரை ஓடாவி என்பர். அடியில் நீளமாக ஓடும் ஏரா, அதன் மேல் எழும் வளைந்த வங்குகள், முன்பக்கமான அணியம், பின்பக்கமான அமரம் என்று ஒவ்வொரு உறுப்புக்கும் தமிழில் பெயர் உண்டு. பலகைக்குத் தேக்கும் அயினியும், வங்குக்கு இயல்பாகவே வளைந்து வளர்ந்த புன்னை, வேம்பு, கருவேலக் கிளைகளும் கொள்வார்கள். மரத்தை வளைப்பதைவிட வளைந்த மரத்தைத் தேடுவது எளிது என்பது ஓடாவிகளின் கணக்கு. பலகை இடுக்குகளில் பஞ்சையோ நாரையோ உளியால் அடித்துத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி அடைப்பதற்குக் கலப்பத்து என்று பெயர். போர்த்துகீசியரிடமிருந்து வந்து தமிழில் தங்கிவிட்ட சொல் இது. கலப்பத்தைக் காலம் தவறாமல் புதுப்பித்து, கரையேற்றிக் காயவைத்து, மீனெண்ணெயோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ பூசி வந்தால் நல்ல பலகைப் படகு ஒரு தலைமுறைக்கு உழைக்கும்.

உவர்நீரில் மரத்துக்கு ஒரு பகையும் உண்டு. கப்பற்புழு எனப்படும் சிப்பியினத்து உயிர் பலகைக்குள் ஊசித் துளையாக நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, மரத்தைத் தேன்கூடு போல் ஆக்கிவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. ஒருநாள் காலால் அழுத்தினால் பலகை உள்ளே போகும். நான் பணியில் இருந்த நாளில் ஏரிக்கு அப்பாலுள்ள குப்பங்களிலிருந்து படகில் வரும் மாணவர்கள் சில நாள் முழங்கால் வரை நனைந்து வகுப்புக்கு வருவார்கள். "படகு தண்ணி குடிக்குது சார்" என்பார்கள். அதற்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் இந்தப் புழுதான்.

இந்தக் கலங்களை முறையாக ஆராய்ந்து எழுதியவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த அவர் இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்தாளப்படுகிறது. மீனவரின் கலங்களைப் பழமை என்று தள்ளாமல், ஏன் இந்த வடிவம், ஏன் இந்த மரம் என்று கேட்டவர் அவர்.

துரைமார் வேட்டை

1806-இல் பாசில் கொக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய உப்புநீர்க் கால்வாய், பிறகு பழவேற்காடு ஏரிவரை நீண்டது. 1837-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகப் பல பகுதிகள் வெட்டி இணைக்கப்பட்டன. அப்போதைய கவர்னரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. ஸ்ரீஹரிக்கோட்டாவின் விறகு இந்தக் கால்வாய் வழியாகத்தான் சென்னை அடுப்புகளுக்குப் போயிற்று. விறகு தெற்கே போன அதே வழியில் துப்பாக்கி வடக்கே வர முடிந்தது. சென்னையில் படகேறினால் வண்டிப் பாதையின் குலுக்கல் இல்லாமல் ஏரி நடுவிலேயே வந்து இறங்கலாம்.

அக்காலத்து ஆங்கில அதிகாரிகளுக்குக் குளிர்கால வாத்து வேட்டை பெரிய பொழுதுபோக்கு. அதற்கென்றே நூல்கள் எழுதப்பட்டன. ஆலன் ஆக்டேவியன் ஹியூம், மார்ஷல் இருவரும் இந்தியா, பர்மா, இலங்கை நாடுகளின் வேட்டைப் பறவைகள் பற்றி மூன்று தொகுதிகளை 1879 முதல் 1881 வரை வெளியிட்டனர். 1885-இல் காங்கிரசைத் தோற்றுவித்தவர் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அதே ஹியூம்தான். அவர் பல்லாயிரக்கணக்கில் பறவைத் தோல்களைச் சேர்த்தவர் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. 1908-இல் ஸ்டூவர்ட் பேக்கர் இந்திய வாத்துகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

வேட்டை எந்த அளவுக்குப் போனது என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூர் எடுத்துக்காட்டு. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டைக் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டதாக அங்குள்ள கல்வெட்டு பெருமையோடு பொறித்து வைத்திருக்கிறது.

இதற்கு எதிரான ஒரு வரலாறு நம் பக்கத்திலேயே உண்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வேடந்தாங்கலில், ஊர் ஏரியில் கூடு கட்டிய பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டதை எதிர்த்து ஊரார் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டனர். 1798-இல் அவர் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அந்த உழவர்கள் அறிந்திருந்தார்கள். பழவேற்காட்டில் அப்படி ஓர் உழவர் கூட்டம் பறவைக்குக் காவலாக இல்லை. இங்கே நீர் மீனவருடையது. அவருக்கு வாத்தால் வரவும் இல்லை, பெரிய இழப்பும் இல்லை.

இந்தியாவில் வாத்து வேட்டைக்குப் போனவர்கள் பொதுவாகத் தமக்கெனப் படகு செய்துகொள்ளவில்லை. உள்ளூர் மீன்பிடி படகையும் அதன் உரிமையாளரையும் கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள். எந்த ஓடையில் எவ்வளவு நீர், எந்தத் திட்டில் வாத்து இறங்கும், காற்று எந்தப் பக்கம் வீசினால் பறவைக்கு அரவம் கேட்காது என்பதெல்லாம் படகோட்டிக்குத் தெரியும். குறி வைத்துச் சுடுவது மட்டுமே துரையின் வேலை. வேட்டைக் குறிப்புகளில் சுட்டவர் பெயர் இருக்கும். கழி ஊன்றியவர் பெயர் இருக்காது. வேட்டைக்கென்று தனிப் படகு இங்கே தோன்றாததற்கு முதல் காரணம் இதுதான். மீன்பிடிக்கும் படகே தட்டையாகவும் தாழ்வாகவும் இருந்தது. அதை ஓட்டும் ஆளும் மலிவாகக் கிடைத்தார்.

அமெரிக்காவின் வாத்துப் படகு

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே வாத்து வேட்டை சாதாரண உழவரும் தொழிலாளியும் செய்த வேலை. அவரவர் படகை அவரவரே செய்தாக வேண்டும். 1836-இல் நியூ ஜெர்சியின் பார்னிகட் விரிகுடாவில் ஹேசல்டன் சீமன் என்ற படகுத் தச்சர் செய்த சிறு படகு புகழ்பெற்றது. ஒருவர் மட்டும் உள்ளே படுக்கலாம். மேற்பகுதி நீர் மட்டத்துக்குச் சற்றே மேலே நிற்கும்; அதன் மேல் நாணலைப் பரப்பிவிட்டால் மிதக்கும் புதர் போலத் தெரியும். நகரச் சந்தைக்காகச் சுட்டவர்கள் இதைவிடக் கொடியதையும் வைத்திருந்தார்கள். ஆள் உயரத்தையும் தாண்டிய பெருந்துப்பாக்கி ஒன்றைப் படகின் அணியத்திலேயே பொருத்தி, படகைத் திருப்பிக் குறி வைத்து, ஒரே வெடியில் பல பத்துப் பறவைகளை வீழ்த்துவார்கள். வெடித்த வேகத்தில் படகே பின்னோக்கி ஓடும். கூட்டங்கள் அழிந்து வருவதைக் கண்டபின் 1918-இல் வலசைப் பறவைகள் சட்டம் வந்து, சந்தைக்கான வேட்டை முடிவுக்கு வந்தது. பொழுதுபோக்கு வேட்டை பருவக் கட்டுப்பாட்டோடும் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடும் இன்றும் அங்கே சட்டப்படி நடக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அலுமினியம் வந்தது. போர் விமானம் செய்த கிரம்மன் நிறுவனத்தின் அலுவலர் ஒருவர், மரமும் கித்தானும் கொண்ட கனத்த சிறுபடகைத் தோளில் சுமந்து அலுத்தவர். விமானத் தகட்டாலேயே படகு செய்தால் என்ன என்று கேட்டார். போர் முடியும் தறுவாயில் அந்த நிறுவனம் அலுமினியப் படகு செய்யத் தொடங்கியது. அலுமினியத்தின் எடை இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. காற்று பட்டதும் அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, உள்ளே அரிப்பு போகாமல் தடுக்கும். தகட்டை வெட்டி, மடித்து, ரிவெட் அடித்தோ பற்றவைத்தோ ஒரு தட்டையடிப் படகைக் கொட்டகையிலேயே செய்துவிடலாம். பளபளப்புப் பறவையை விரட்டிவிடும் என்பதால் மங்கிய பழுப்பு வண்ணம் பூசுவார்கள்.

இந்தப் படகு நீரிலேயே கிடப்பதில்லை. வீட்டில் இருக்கும், வேட்டை நாளில் இரு சக்கர இழுவண்டியில் ஏற்றி, காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று, சரிவுத் துறையில் வண்டியோடு நீருக்குள் இறக்குவார்கள். ஆகவே படகைப் போலவே வண்டியையும் பேண வேண்டும். அதிகம் பழுதாவது சக்கர பேரிங்தான். நெடுந்தூரம் ஓடிவந்த சக்கரத்தின் நடுப்பகுதி சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்பச் சீல் வழியாக நீர் உள்ளே உறிஞ்சப்படும். உப்புநீர் கிரீஸில் கலந்தால் பேரிங் துருப்பிடித்து, ஒருநாள் நடுவழியில் சக்கரமே கழன்றுவிடும். அதனால் துறையில் சிறிது நேரம் நிறுத்தி ஆறவிட்டு இறக்குவதும், வில்லழுத்தத்தால் கிரீஸை எப்போதும் உள்ளே நிறைத்து வைக்கும் மூடிகளைப் பொருத்துவதும், திரும்பியதும் வண்டி முழுவதையும் நன்னீரால் கழுவுவதும் அங்கே வழக்கம். இயற்பியல் பாடத்தில் வாயு விரிவடைதலைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. நம் கடற்கரைகளில் படகுகளை மணலில் ஏற்றி இறக்கும் டிராக்டர்களுக்கும் இதே நோய் உண்டு.

இங்கே அலுமினியம்

பழவேற்காட்டில் அலுமினியப் படகு வேரூன்றவில்லை. விலை ஒரு காரணம், அது மட்டுமல்ல. அலுமினியத்தைப் பற்றவைக்க ஆர்கான் வாயுவும் தனிப் பயிற்சியும் வேண்டும். குப்பத்துக் கொல்லரிடம் அது இல்லை. உவர்நீரில் அலுமினியத்தோடு செம்போ இரும்போ தொட்டுக்கொண்டிருந்தால் அவ்விடம் மின்கலம் போல வேலை செய்து அலுமினியம் கரையத் தொடங்கும். ஓர் இரும்பு ஆணி, ஒரு செம்புக் கம்பி, செம்பு கலந்த பாசித்தடுப்பு வண்ணம் எதுவானாலும் போதும், தகட்டில் ஓட்டை விழும். நன்னீர் ஏரியில் பல்லாண்டு உழைக்கும் படகு, மாதக்கணக்கில் உப்புநீரிலேயே கட்டிக்கிடந்தால் அப்படி உழைக்காது. அமெரிக்கர் அதை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவுகிறார். குடிநீருக்கே குடத்தோடு காத்திருக்கும் குப்பத்தில் படகைக் கழுவ நன்னீருக்கு எங்கே போவது?

ஆனால் அலுமினியம் நம் கரைக்கு வராமலும் இல்லை. மரப்படகின் அடியில் கப்பற்புழு ஏறாமலிருக்க முன்பு செப்புத் தகடு அடிப்பார்கள். செம்பு விலை ஏறியபோது அதற்கு மாற்றாக அலுமினியக் கலவைத் தகட்டைப் போர்த்தும் முறை தென்னிந்திய விசைப்படகுகளில் பரவியது. மரமே படகாக இருக்க, அலுமினியம் அதற்குச் சட்டை ஆயிற்று.

ஒட்டுப்பலகையும் கண்ணாடி இழையும்

வீட்டிலேயே செய்யும் படகு என்றால் தமிழ்நாட்டில் அதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் உள்ளது. 1980-களின் தொடக்கத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜிலே அங்குள்ள மீனவரோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகை உருவாக்கினார். கடல்நீர் தாங்கும் ஒட்டுப்பலகையை வெட்டி, ஓரங்களைச் செப்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் கண்ணாடி இழையையும் ரெசினையும் பூசி இறுக்குவது அதன் முறை. இங்கிலாந்தில் 1960-களில் பொழுதுபோக்குப் பாய்ப்படகுகள் இதே வழியில் பரவின. மேற்கே இது புதுமை. தைத்த மசூலாவைப் பார்த்த கரைக்கு இது பழைய கதையின் மறுபதிப்பு. நல்ல பெருமரங்கள் அருகிப்போய் விலை ஏறியிருந்த காலத்தில் இந்தப் படகு தென்கோடிக் கடற்கரையில் நன்றாகப் பரவியது. கரையிலேயே சிறு பட்டறைகள் தோன்றின. மீனவ இளைஞர்களே படகு கட்டக் கற்றார்கள்.

பழவேற்காட்டுப் பக்கம் நிலைத்தது முழுக்கக் கண்ணாடி இழையால் ஆன ஃபைபர் படகு. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம், கரையேற்றக்கூடிய சிறு படகு வடிவங்களைச் சோதித்தது. மெல்ல வந்துகொண்டிருந்த ஃபைபர் 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் ஒரே அடியாக வந்தது. உடைந்த கட்டுமரங்களுக்கு ஈடாகத் தொண்டு நிறுவனங்களும் அரசும் ஃபைபர் படகுகளையே வழங்கின. சில ஆண்டுகளில் கட்டுமரம் கரையில் அரிதாகிவிட்டது.

ஃபைபரின் நன்மைகளைக் குறைத்துச் சொல்வது நேர்மையல்ல. புழு தொடாது. கலப்பத்து வேண்டாம். எடை குறைவு. ஓட்டை விழுந்தால் அந்த இடத்தைத் தேய்த்து, இழைப்பாயை வைத்து, ரெசினில் கெட்டியாக்கும் திரவத்தைக் கலந்து பூசினால் சில மணி நேரத்தில் இறுகிவிடும். இதைக் குப்பத்து இளைஞர்கள் விரைவில் கற்றுக்கொண்டார்கள். முகமூடி இல்லாமல் தேய்த்து அந்தத் தூளை மூச்சில் இழுப்பதுதான் கவலை. கலவையின் அளவு தவறினால் ரெசின் இறுகாமல் பிசுபிசுக்கும். அல்லது சூடேறி வெடித்துவிடும்.

போனது என்ன என்று கேட்டால், ஓடாவியின் வேலை போயிற்று. வளைந்த புன்னைக் கிளையைப் பார்த்ததும் அது அணியத்துக்கா அமரத்துக்கா என்று சொல்லும் கண் இப்போது சிலருக்கே உண்டு. மரம் ஊரில் கிடைத்தது, கயிறு ஊரில் திரிக்கப்பட்டது; ரெசின் கடையில்தான் கிடைக்கும். உளுத்த மரப்படகை அடுப்பில் வைக்கலாம். உடைந்த ஃபைபர் படகு முகத்துவார மணலில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. அதை எரித்தால் எழும் கரும்புகையை ஒருமுறை பார்த்தவர் மறுமுறை எரிக்க நினைக்கமாட்டார்.

எஞ்சினிலும் ஒரு விந்தை. பல ஃபைபர் படகுகளில் நீண்ட வால் போன்ற தண்டின் முனையில் விசிறி பொருத்திய டீசல் எஞ்சின் உள்ளது. ஆழம் குறைந்தால் தண்டைத் தூக்கிவிடலாம். தாய்லாந்தின் ஆறுகளில் ஓடும் நீள்வால் படகும் இந்த வகையே. அமெரிக்க வாத்து வேட்டைக்காரர்களும் சேற்று நீருக்கென்று இதே அமைப்பையே விரும்பி வாங்குகிறார்கள்.

வேட்டைக்கு வந்த தடை

1912-ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வாத்துகளைத் தன் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆனால் அது வேட்டையைத் தடுக்கவில்லை. வேட்டை கூடாத பருவத்தை அறிவிக்க மட்டுமே இடம் தந்தது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திலும் தொடக்கத்தில் சிறுவேட்டைக்கு உரிமம் வழங்கும் வழி இருந்தது. 1991-இல் வந்த திருத்தமே அந்த வழியை அடைத்தது. இடையில் ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலும் பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு. துப்பாக்கி மட்டுமல்ல, வலை, கண்ணி, நஞ்சு எதுவும் வேட்டையே என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சரணாலயம் பறவைக்குக் காவல். மீனவருக்கு அது கூடுதல் விதி. ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பங்கிடும் பாடு முறை கோட்டைக்குப்பம் முதலிய பட்டினவர் குப்பங்களில் தலைமுறைகளாக உண்டு. பாடு இல்லாதவர்களும் இந்த நீரை நம்பி இருக்கிறார்கள். சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குப் படகே கிடையாது. முகத்துவாரம் மணல் மூடும்போதெல்லாம் இவர்கள் எல்லோருடைய வருமானமும் சேர்ந்தே விழுகிறது. நீரோட்டம் நின்றால் மீன் குஞ்சு ஏரிக்குள் வராது. படகும் கடலுக்குப் போக முடியாது.

வேட்டைக்காரர் போனபின் சுற்றுலாப் பயணி வந்தார். அவரும் மீனவரின் படகையே கூலிக்கு எடுத்தார். வலையும் நாலைந்து பேரும் ஏற வேண்டிய படகில் குடும்பம் குடும்பமாக ஏறினார்கள். 2011 டிசம்பர் 25 அன்று அப்படிச் சென்ற படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தட்டையடிப் படகு ஆழமற்ற, அமைதியான நீரில் மிக உறுதியானது. ஆனால் அலையடிக்கும் முகத்துவாரத்தில், ஆட்கள் ஒரே பக்கம் சாயும்போது, தாழ்ந்த பக்கத்தின் மேல் நீர் ஒருமுறை ஏறிவிட்டால் அதை நிமிர்த்த நேரம் இருக்காது. உயிர்காப்பு மேலாடை இல்லாமல், எத்தனை பேர் ஏறலாம் என்ற கணக்கு இல்லாமல் யார் அழைத்தாலும் படகில் ஏறக்கூடாது. அந்த விபத்துக்குப் பின் பயணிகளைப் படகில் ஏற்றுவது தடை செய்யப்பட்டது.

ஒவ்வோர் ஆண்டும் சனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கணக்கெடுக்கப் படகில் போகிறவர்களும் திட்டில் வாத்துக் கூட்டம் தெரிந்ததும் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். படகோட்டி காற்றைப் பார்த்து, பறவைக்குக் காற்றுக்கீழே வரும்படி படகைத் திருப்பி, கழியை ஓசையில்லாமல் சேற்றில் ஊன்றித் தள்ளுவார். முதலில் எழும்புவது நாமக்கோழியா ஊசிவாலா என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். இருநோக்கிக் கருவியோடு அணியத்தில் அமர்ந்திருப்பவர் எண்ணத் தொடங்குவார்.